யாருடைய எலும்பு, எந்த வழியாக வந்தது?

2001 நவம்பர் 7-ஆம் தேதி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 23 வயது இளைஞர் ஒருவர் முழங்கால் அறுவை சிகிச்சைக்குச் சென்றார். உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை அல்ல அது. பழுதான மூட்டைச் சரிசெய்துகொண்டு முன்போல ஓடியாட வேண்டும் என்பதுதான் நோக்கம். இறந்துபோன ஒருவரின் தொடையெலும்பு முனையிலிருந்து, குருத்தெலும்போடு சேர்த்து வெட்டியெடுத்த ஒரு துண்டை மருத்துவர்கள் அவர் மூட்டில் பொருத்தினார்கள். மூன்று நாள் கழித்து அறுவை செய்த இடத்தில் வலி கிளம்பியது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து உடல் அதிர்ச்சி நிலைக்குப் போனது. மறுநாள் அவர் இறந்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் சிக்கியது க்ளோஸ்ட்ரிடியம் சோர்டெல்லி என்ற பாக்டீரியா. மண்ணிலும் மனிதக் குடலிலும் இருப்பது. பிராணவாயு இல்லாத இடத்தில் பெருகும். சூழல் ஒத்துவராவிட்டால் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வித்தாக உறங்கும். அந்த நிலையில் ஆல்கஹாலில் துடைத்தாலும் சாகாது. மனிதர் இறந்தபின் உடலைக் குளிரில் வைக்கத் தாமதமானால், குடலில் அடைபட்டிருக்கும் இப்படிப்பட்ட கிருமிகள் ரத்தக் குழாய்கள் வழியாக எலும்பு, தசைநார் வரை பரவிவிடும்.

விசாரணை பின்னோக்கிப் போனது. திசு கொடுத்தவரின் உடல் குளிர்பதன அறைக்குள் போகுமுன் 19 மணி நேரம் வெளியே கிடந்திருக்கிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்புகிற நம் மக்களுக்கு, 19 மணி நேரம் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

திசுவைப் பதப்படுத்தி அனுப்பியது ஜார்ஜியா மாநிலத்தின் கிரையோலைஃப் நிறுவனம். அவர்கள் சோதனையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்தார்கள், கிருமி இல்லை என்று முடிவும் வந்தது. சிக்கல் சோதனையின் வரிசையில் இருந்தது. திசுவை முதலில் ஆன்டிபயாட்டிக் கரைசலில் ஊறவைத்துவிட்டு, அதன் பிறகே கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். ஊறிய மருந்து திசுவோடு ஒட்டிக்கொண்டு சோதனைக் குப்பிக்குள்ளும் வந்தது. குப்பியில் கிருமி தலைதூக்காதபடி அந்த மருந்து அடக்கி வைத்தது. தாளில் 'சுத்தம்' என்று பதிவானது. வித்துகளோ உள்ளே உயிரோடு இருந்தன. மருந்தின் வீரியம் தீர்ந்த பிறகு, புது உடலின் சூட்டில், அவை விழித்தன.

அதே நன்கொடையாளரின் திசுவைப் பெற்ற இல்லினாய் மாநிலத்து 17 வயதுச் சிறுவனுக்கு அறுவைக்கு மறுநாளே காய்ச்சல் வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். மின்னசோட்டாவில் அதே வாரத்தில் முழங்கால் அறுவை செய்துகொண்ட வேறு இருவரும் இறந்ததால், அந்த மாநிலத்தில் அவசரமில்லாத முழங்கால் அறுவைகளைச் சில நாட்கள் தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு சாவுகளுக்கும் தானத் திசுவுக்கும் தொடர்பில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பதற்றத்தில் தொடங்கிய தேடலில் வேறு உண்மைகள் கிடைத்தன. எலும்பு, தசைநார் தானத் திசுவால் பாக்டீரியா தொற்று ஏற்பட்ட 26 பேரை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2002 மார்ச்சுக்குள் அடையாளம் கண்டது. 13 பேருக்கு க்ளோஸ்ட்ரிடியம் வகைக் கிருமி. 14 பேருக்குத் திசு வந்தது ஒரே நிறுவனத்திலிருந்து. 2002 ஆகஸ்டில் கிரையோலைஃப் அனுப்பிய திசுக்களைத் திரும்பப் பெற அரசு ஆணையிட்டது. திசு வங்கிகள் எப்படிச் செயல்பட வேண்டும் என்ற முழுமையான விதிகள் 2005 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தன.

ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு அமெரிக்கக் கதை எதற்கு என்று தோன்றலாம். பால்மரம் வெட்டியும் செம்பனை தூக்கியும் தேய்ந்த முழங்கால்கள் ஜொகூர் மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு ஓடும் பிள்ளைகள் விழுந்து மூட்டு நாரை அறுத்துக்கொண்டு வருவதும் இங்கே புதிதல்ல. மூட்டு மாற்று அறுவை முன்பெல்லாம் கோலாலம்பூருக்குப் போய்ச் செய்துகொள்ளும் பெரிய விஷயமாக இருந்தது. இன்று ஜொகூர் பாருவின் அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் அன்றாடம் நடக்கும் சிகிச்சை. முதல் தலைமுறையாக மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு அந்தச் செயற்கை மூட்டு ஆட்டம் கண்டு, மறு அறுவைக்கு வரும் காலமும் வந்துவிட்டது. தானத் திசுவின் தேவை அங்கேதான் பெரிதாகிறது.

இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். முதல் முறை மூட்டு மாற்றுகிறபோது வைப்பது உலோகமும் கெட்டி பிளாஸ்டிக்கும். பெரும்பாலோருக்கு வேறொருவரின் எலும்பு தேவைப்படுவதில்லை. சிறு பள்ளம் இருந்தால் நோயாளியிடமிருந்தே வெட்டியெடுத்த எலும்புத் துணுக்கை வைத்து நிரப்பிவிடுவார்கள். பழைய மூட்டைப் பெயர்த்தெடுக்கும்போது எலும்பும் சேர்ந்து பெயர்ந்து குழி விழுந்தால், கட்டியை அகற்றும்போது எலும்பு நீளமாகப் போய்விட்டால், முழங்காலை நீட்டும் பெரிய தசைநாரே அறுந்து மூட்டு செயலிழந்தால், விபத்தில் பல நார்கள் ஒன்றாக அறுந்தால், அப்போது வங்கியிலிருந்து எலும்போ நாரோ வரவழைக்கிறார்கள். அந்த நேரத்தில் அது கிடைக்காவிட்டால் காலையே இழக்க நேரும் நோயாளிகள் உண்டு. எனவே தானத் திசு ஆபத்து, வேண்டாம் என்று யாரும் பயந்து ஓடக் கூடாது. அது எங்கிருந்து வந்தது, எப்படிச் சுத்தம் செய்யப்பட்டது, எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்ற விவரம் பெறுகிறவர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். மலேசியச் சட்டம் அதைக் கட்டாயமாக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்; கேட்பதற்கான காரணங்கள்தான் நிறைய.

சுத்திகரிப்பு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு 1985-இல் நடந்த ஒரு சம்பவம் போதும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஒருவரின் உறுப்புகளும் திசுக்களும் பலருக்குப் போயின. எச்.ஐ.வி. சோதனை அப்போதுதான் அறிமுகமாகியிருந்தது. அவருக்குச் சோதித்தபோது தொற்று தெரியவில்லை. கிருமி உடலில் புகுந்த ஆரம்ப வாரங்கள் அவை. உறுப்பு பெற்ற நால்வருக்கும் தொற்று ஏறியது. பதப்படுத்தாத, வெறுமனே உறைய வைத்த எலும்பைப் பெற்ற மூவருக்கும் ஏறியது. அதே மனிதரின் எலும்பை மஜ்ஜை நீக்கி, ஆல்கஹாலில் கழுவி, உலர்த்திப் பெற்றவர்களில் சோதிக்கப்பட்ட ஒருவருக்கும் தொற்றவில்லை. 1992-இல் இந்தச் சம்பவம் பற்றிய ஆய்வு வெளிவந்த பிறகு, எலும்பு வங்கி என்றால் உறைபெட்டி மட்டும்தான் என்று யாரும் நினைக்க முடியவில்லை.

ஆவணம் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதை நியூ ஜெர்சி காட்டியது. பல் அறுவை மருத்துவராக இருந்து தொழில் உரிமத்தை இழந்த மைக்கேல் மாஸ்ட்ரோமரினோ என்பவர் பயோமெடிக்கல் டிஷ்யூ சர்வீசஸ் என்ற நிறுவனத்தை நடத்தினார். ஈமச்சடங்கு நிலையங்களில் காத்திருந்த உடல்களிலிருந்து, குடும்பத்தாருக்குத் தெரியாமல் எலும்புகளைத் திருடினார். புகழ்பெற்ற ஒலிபரப்பாளர் அலிஸ்டர் குக் 2004-இல், 95 வயதில், புற்றுநோயோடு இறந்தவர். அவர் எலும்புகளும் களவு போயின. வயதைக் குறைத்து, சாவுக்கான காரணத்தை மாற்றி, கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்றார்கள். 2005-இல் விஷயம் வெளியே வந்தபோது அந்தத் திசுக்கள் ஏற்கெனவே எண்ணற்ற நோயாளிகளின் முதுகிலும் தாடையிலும் முழங்காலிலும் இருந்தன. மருத்துவமனைகள் ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, வந்து ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுதின. அப்படிக் கடிதம் எழுத முடிந்ததே, யாருக்கு எந்தப் பொட்டலம் போனது என்ற பதிவு மருத்துவமனைகளில் இருந்ததால்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2021-இல் ஒரே நன்கொடையாளரிடமிருந்து ஒரு நிறுவனம் தயாரித்த எலும்புக் கலவை 113 அமெரிக்க நோயாளிகளுக்கு, பெரும்பாலும் முதுகெலும்பு அறுவையில், வைக்கப்பட்டது. கொடுத்தவருக்குக் காசநோய் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. உயிரணுக்கள் சாகாமல் இருக்க வேண்டிய பொருள் என்பதால் முழுக் கிருமி நீக்கமும் செய்யவில்லை. பெற்றவர்களில் 87 பேருக்குக் காசநோய்ச் சான்று தெரிந்தது. 2023-இல் அதே நிறுவனத்தின் இன்னொரு பொருளால் மறுபடியும் நடந்தது. மலேசியாவில் ஆண்டுக்கு 25,000-க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. நெஞ்சுப் படம் ஒன்றை எடுத்துவிட்டு எலும்பு வாங்கலாம் என்று விட்டுவிடக்கூடிய நாடா இது? நம் ஈர மண்ணிலும் வயல் நீரிலும் மெலியோய்டோசிஸ் கிருமி இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்களை அது எளிதில் பிடிக்கும். எலும்பையும் மூட்டையும் சீழ் பிடிக்க வைக்கும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எழுதிய பரிசோதனைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் இது விடுபட்டுப்போகும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. அதைப் பெருமையோடு சொல்லலாம். இந்தத் துறையில் மலேசியா பின்தங்கிய நாடு அல்ல. கிளந்தானில், குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் தேசியத் திசு வங்கி 1991 முதல் இயங்குகிறது. அனைத்துலக அணுசக்தி முகமை ஆசிய நாடுகளில் திசு வங்கிகளை வளர்க்க எடுத்த முயற்சியில் அது முன்வரிசையில் நின்றது. அங்கே எலும்பைக் கழுவி, கொழுப்பும் மஜ்ஜையும் போகும்வரை சுத்தப்படுத்தி, உறையவைத்து உலர்த்தி, பல அடுக்குப் பையில் அடைப்பார்கள். கடைசிக் கட்டமாகக் காமா கதிர்வீச்சு. பாங்கியில் உள்ள அணுசக்தி நிறுவனத்தின் கோபால்ட்-60 கதிர்ச்சாலை இதற்குக் கைகொடுத்தது. அங்கே பணியாற்றிய விஞ்ஞானி நோரிமா யூசோப் திசுக்களைக் கதிர்வீச்சால் சுத்திகரிக்கும் முறையில் உலக அளவில் பேர் வாங்கியவர். வழக்கமான அளவு 25 கிலோகிரே. பையைப் பிரிக்காமலே உள்ளே ஊடுருவிப் போகும் கதிர், ஓடு கட்டிய வித்தையும் விடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் திசு வங்கி 1988-இல் தொடங்கியது. ஆசியா முழுவதிலுமிருந்து வங்கி ஊழியர்கள் பயிற்சிக்கு அங்கே போனார்கள்.

கதிர்வீச்சு எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அளவு கூடினால் தசைநார் பலம் இழக்கும். மூட்டில் கட்டிய நார் சில மாதத்தில் நைந்துபோகலாம். குருத்தெலும்பிலுள்ள உயிரணுக்கள் கதிரில் செத்துவிடும் என்பதால் மின்னசோட்டாவில் வைத்தது போன்ற புதுத் திசுவுக்கு அந்த வழியே கிடையாது. அங்கே பாதுகாப்பு முழுக்க முன்கட்டங்களில்தான் இருக்கிறது. கொடுப்பவரின் மருத்துவ வரலாறு, உடல் எவ்வளவு சீக்கிரம் குளிருக்குப் போனது, மருந்தில் ஊறவைக்குமுன் எடுத்த மாதிரி, அந்த மாதிரியில் குடல் கிருமி ஒன்று தெரிந்தால் மொத்தத்தையும் தூக்கி எறியும் துணிவு. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். அரிதாகக் கிடைத்த திசுவை எறிய யாருக்கும் மனம் வராது.

ஆகவேதான் சட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மலேசியாவின் மனிதத் திசுச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. சில பிரிவுகளே கொண்ட மிகச் சிறிய சட்டம். இறந்தவர் உடலிலிருந்து சிகிச்சைக்காகவோ கல்விக்காகவோ ஆய்வுக்காகவோ பாகங்களை எடுக்க யார் சம்மதம் தர வேண்டும் என்பதே அதன் கவலை. எடுத்தபின் எத்தனை மணி நேரத்தில் குளிரில் வைக்க வேண்டும், என்னென்ன சோதனை செய்ய வேண்டும், யாருக்குப் போனது என்பதை எத்தனை ஆண்டு பதிவில் வைக்க வேண்டும், தொற்று வந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு சொல் கிடையாது. குறை சொல்ல முடியாது. 1974-இல் இந்தக் கேள்விகள் எழவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. உறுப்பு, திசு, உயிரணு மாற்றுக்கான தேசியக் கொள்கையை 2007-இல் சுகாதார அமைச்சு வெளியிட்டது. கொள்கை வழிகாட்டும். மீறுகிறவரைத் தண்டிக்கும் பல் அதற்குக் கிடையாது.

இந்தியாவின் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டு, திசுக்களையும் தன் கீழ் கொண்டுவந்தது. 2014-இல் வந்த விதிகள் திசு வங்கிகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கின. சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சேவைகள் சட்டப்படி மனிதத் திசு வங்கி நடத்தத் தனி உரிமம் எடுக்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற காப்பு இந்தப் பக்கமும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஜொகூர் மக்கள் எதிர்பார்ப்பதில் என்ன தவறு? இங்குள்ள வங்கிகள் ஒழுங்காக நடக்கின்றன என்பது உண்மையானால், அதைச் சட்டத்தில் எழுதி வைப்பதில் அவர்களுக்கும் நட்டமில்லை. ஒழுங்காக நடப்பவருக்குச் சட்டம் துணை நிற்கும். நாளைக்கு மலிவு விலையில் எங்கிருந்தோ எலும்புப் பொட்டலத்தை இறக்குமதி செய்ய நினைப்பவருக்குத்தான் அது தடை.

தானம் பற்றியும் பேசியாக வேண்டும். தானம் பெருகாமல் தரம் உயராது. பற்றாக்குறை இருக்கும் இடத்தில்தான் எறிய வேண்டியதை எறியாமல் வைத்துக்கொள்ளும் ஆசை வரும். எலும்பு தானம் செய்ய இறக்கத்தான் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்குச் செயற்கை மூட்டு வைக்கிறபோது, தொடையெலும்பின் உருண்டைத் தலை வெளியே வரும். எலுமிச்சையைவிடப் பெரிதாக, வெண்ணிறக் குருத்தெலும்பு போர்த்த உருண்டை. சொல்லாவிட்டால் அது மருத்துவக் கழிவோடு எரிப்பு உலைக்குப் போகும். பாட்டி சம்மதித்தால் வங்கிக்குப் போகும். உறைபெட்டியில் மைனஸ் 80 பாகை செல்சியஸில் அது காத்திருக்கும். பல வங்கிகளில், ஆறு மாதம் கழித்துப் பாட்டியை வரவழைத்து எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக் கிருமிகளுக்கு மறுபடி ரத்தம் சோதித்த பிறகுதான் அதை வெளியே விடுவார்கள். 1985-இல் நழுவிய அந்த ஆரம்ப வாரங்களைப் பிடிப்பதற்கான ஏற்பாடு இது. இப்படி ஒரு தலையை அரைத்துத் துகளாக்கினால், இன்னொருவர் முழங்காலின் குழியை நிரப்பலாம்.

'உடம்பை அறுக்க வேண்டாம், முழுசாகப் போகட்டும்' என்று மறுக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ததீசி முனிவரை நினைவுபடுத்தலாம். இந்திரன் வந்து கேட்டதும் வச்சிராயுதம் செய்யத் தன் முதுகெலும்பையே கொடுத்தவர். மலேசிய இஸ்லாமிய அறிஞர்களின் ஃபத்வா 1970-லேயே உறுப்பு மாற்றுக்கு இசைவளித்துவிட்டது. சமயத் தடை என்று சொல்லித் தயங்க இங்கே யாருக்கும் பெரிய காரணமில்லை. மக்கள் தயங்குவது நம்பிக்கைக் குறைவால். தன் எலும்பு மரியாதையாகக் கையாளப்படும், யாருக்கும் கேடு செய்யாமல் போய்ச் சேரும் என்ற உறுதியைச் சட்டம் தரும்போது அந்தத் தயக்கம் பாதி குறையும்.

மூட்டு மாற்றியவர்களுக்கு வரும் தொற்றுகளில் பெரும்பங்கு தானத் திசுவால் வருவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் முறை முழங்கால் மாற்றுபவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்குத் தொற்று வருகிறது. வருவது பெரும்பாலும் நம் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி. உலோகத்தின் மேல் ஒட்டி, பாசி படர்வதுபோல ஒரு படலம் கட்டிக்கொண்டால் மருந்து உள்ளே போகாது. மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டை வைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, மறுபடி மூட்டு வைக்க வேண்டிவரும். ஆண்டு ஒன்று போய்விடும். சிலர் காலையே இழக்கிறார்கள்.

இந்த இடத்தில் மலேசியத் தமிழர்கள் தங்களைப் பற்றிய ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் புண் ஆறாது, கிருமி அடங்காது. நல்ல மருத்துவர் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்து, 'அம்மா, இன்னும் மூணு மாசம் பொறுங்க, இதைக் குறைச்சிட்டு வாங்க' என்று அறுவையைத் தள்ளிப்போடுவார். குடும்பத்தார் கோபித்துக்கொண்டு வேறு மருத்துவமனை தேடுவது நடக்கிறது. தள்ளிப்போட்டவரே நல்லவர். சொத்தைப் பல், கால்விரல் இடுக்குப் புண், அடிக்கடி வரும் சிறுநீர்க் கடுப்பு ஆகியவற்றையும் அறுவைக்கு முன்பே கவனித்துவிட வேண்டும். முழங்காலைத் திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாக வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட நடைமுறை.

அறுவை முடிந்த பிறகு நடக்கும் தவறு ஒன்று ஜொகூர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஜொகூர் பாருவில் மூட்டு மாற்றிக்கொண்டு சிகாமட்டுக்கோ லாபிஸுக்கோ வீடு திரும்பிய அம்மாவுக்கு மூன்றாம் வாரம் கால் சிவந்து வீங்குகிறது. தையலில் நீர் கசிகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடி இரண்டு மூன்று மணி நேரம் யார் கூட்டிப் போவது என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறார்கள். கிளினிக்கிலேயே மாத்திரையும் கிடைக்கிறது. ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள். வீக்கம் அடங்கியது போல இருக்கும். பத்து நாளில் இன்னும் மோசமாகும். இப்போது அறுவை செய்த மருத்துவர் மூட்டு நீரை உறிஞ்சிச் சோதித்தால் கிருமி எது என்றே தெரியாது, ஏனென்றால் மாத்திரை அதைப் பாதி அடக்கிவிட்டது. கிரையோலைஃப் குப்பியில் நடந்த அதே ஏமாற்று, இந்த முறை நோயாளியின் உடலுக்குள்ளேயே நடக்கிறது. மூட்டு மாற்றியவருக்குக் கால் சிவந்தாலோ, கசிவு நிற்காவிட்டாலோ, நன்றாக நடந்துகொண்டிருந்த காலில் திடீரென்று வலி வந்தாலோ, மூட்டு நீரைச் சோதிக்க எடுக்குமுன் ஆன்டிபயாட்டிக் விழுங்கக் கூடாது. காய்ச்சலும் நடுக்கமும் வந்து ஆள் சோர்ந்தால் அது வேறு. நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறேன் என்று வரும் சொந்தக்காரரையும் அன்போடு தடுத்து நிறுத்த வேண்டும்.

இப்போது அந்த அம்மாவின் கையில் ஓர் அட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த நாளில், எந்த மருத்துவமனையில், எந்த மூட்டு வைத்தார்கள். தானத் திசு வைத்தார்களா. வைத்திருந்தால் எந்த வங்கி, எந்தப் பதிவு எண், எப்படிச் சுத்திகரித்தது, எந்தத் தொலைபேசிக்கு அழைக்க வேண்டும். செயற்கை மூட்டின் பெட்டியில் வரும் ஒட்டுச்சீட்டை அறுவை அரங்கில் பிரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவது ஏற்கெனவே வழக்கம். திசுப் பொட்டலத்திலும் எண் இருக்கிறது. இரண்டையும் ஓர் அட்டையில் ஒட்டி நோயாளியிடம் கொடுக்கத் தனி வரவுசெலவு எதுவும் தேவையில்லை. சுவீடன் 1975-லிருந்து தன் நாட்டின் முழங்கால் மாற்று அறுவைகளைப் பதிவேட்டில் எழுதி வருகிறது. இங்கிலாந்து 2003-இல் தொடங்கியது. எந்த மூட்டு எத்தனை ஆண்டு தாங்கியது, எங்கே தொற்று கூடியது என்பதை அவர்கள் சொல்ல முடிவது அதனால்தான்.

சட்டம் நாடாளுமன்றத்துக்கு வர ஆண்டுகள் ஆகலாம். அட்டைக்குச் சுகாதார அமைச்சின் ஒரு சுற்றறிக்கை போதும். அதற்கு முன்பே ஜொகூர் மருத்துவமனைகள் தாங்களாகத் தொடங்கலாம். சம்மதப் பாரத்தில் மகன் கையெழுத்துப் போடும் நேரத்தில், 'அம்மாவுக்கு வேறொருவர் எலும்பு வைப்பீங்களா டாக்டர், வெச்சா எந்த வங்கியிலிருந்து?' என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதில் தெரிந்த மருத்துவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். சிகாமட் கிளினிக்கில் அந்த அட்டையைப் பார்க்கும் இளம் மருத்துவர் மாத்திரை எழுதுவதை நிறுத்திவிட்டு ஜொகூர் பாருவுக்குத் தொலைபேசியை எடுப்பார். மூட்டு நீரில் குடல் கிருமி தெரிந்தால் மருத்துவமனை திசு வங்கியை அழைக்கும். வங்கி தன் பேரேட்டைத் திறந்து, அதே நன்கொடையாளரின் திசுவைப் பெற்ற மற்றவர்களின் மருத்துவர்களுக்கு அன்றைக்கே செய்தி அனுப்பும்.